தமிழில் உயிர்நூல் கற்பித்த மானிப்பாய் வைத்தியர் கிறீன்

உயிர்ப்பொருள்களை ஆராய்ந்து வகைப்படுத்தல் தமிழர்க்குப் புதியதொன்றன்று. ஓரறிவுயிர் முதலாக ஆறறிவுயிர் ஈறாகத் தொல்காப்பியர் மரபியலிலே வகுத்த முறையைத் தமிழ் இலக்கணம் பயில்வார் அனைவரும் அறிவர். ஆயினும், உடம்பின் உள்ளுறுப்புக்கள் எங்கெங்கே அமைந்துள்ளன, யாது தொழில் புரிகின்றன, எக்காரணத்தாற் பழுதுறுகின்றன என்று கண்டறிந்து முறையாக எழுதி, எழுதியதை வகுப்பிலே நாடோறும் படிப்படியாகக் கற்பித்தல் வேறொரு நெறியாகும். அந்நெறியிலே பெருநூல்களைத் தமிழில் ஆக்கி, அவற்றைக் கொண்டே மாணவரைப் பயிற்றியவருள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர், அமெரிக்காவிலிருந்து வந்து யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியராக விளங்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர்.

இந்துக் கல்லூரியொன்றின் பழைய மாணவர் வெளியிடும் விழா மலரிலே, கடல் கடந்த நாட்டினரும் வேற்றுச் சமயத்தினருமாகிய ஒருவரின் சரித்திரத்தை எழுதப் புகுந்தது ஏன் என அன்பர் சிலர் வினவுதல் கூடும். காரணம் உண்டு. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று அக்கரைப்பற்று வரையில் நீண்டு கிடக்கும் நம் கரையோரத்திலே, முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்து, ஒரே தமிழைத் தாய்மொழியாகப் பேசி வருகின்றோம். இவ்வூர்ப் பிள்ளைகள் உயர்தர வகுப்பிலே உயிரியலைத் தமிழிற் பயில்கின்றனர். கலங்கள் கூடி இழையமாகவும், இழையங்கள் கூடி அங்கமாகவும், அங்கங்கள் கூடித் தொகுதியாகவும் அமையும் வகையை அவர்கள் தொடக்கப் பாடங்களிலேயே கேட்கின்றனர். சொல்லின் பொருள் தெளியாத மாணவர் உயிரியலாசிரியரிடம் மட்டுமன்றித் தமிழாசிரியராகிய எம்மிடத்தும் வருவதுண்டு. இச்சொற்கள் எங்கிருந்து வந்தன, இவற்றை ஆக்கியோர் யாவர், உடம்பின் இயல்பைத் தமிழிற் சொல்ல இயலும் என்று முதலில் துணிந்தவர் யாவர் என்று தேடிப் புறப்படுவோர், இறுதியில் மானிப்பாய் வைத்தியசாலையின் வாயிலிற் போய் நிற்பர். ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

பிறப்பும் கல்வியும்

கிறீன் 1822-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10-ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். குடும்பத்துப் பண்ணை கிறீன் ஹில் என்னும் பெயரால் வழங்கியது. உடன்பிறந்தார் பலர். அவருள் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் என்னும் தமையனார் நியூயோர்க் மாநகரின் அமைப்புக்கும், அதன் நடுவணுள்ள பெரும் பூங்காவின் ஆக்கத்துக்கும் உழைத்து, அந்நகரத்தின் சரித்திரத்திலே நீங்கா இடம் பெற்றவர். தமையனார் உலகப் பெருநகரமொன்றை உருவாக்கும் பணியில் ஈடுபடத் தம்பியார் பனைகள் சூழ்ந்த சிற்றூரொன்றிலே நோயாளரோடும் மாணவரோடும் தம் நாளைக் கழித்தார். இருவரும் ஒரே இல்லத்தில் வளர்ந்தவர் என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகின்றது.

வேறொரு பொருத்தமும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. கிறீன் பிறந்த அதே 1822-ஆம் ஆண்டிலே, டிசம்பர் மாதத்தில், நல்லூரிலே ஆறுமுக நாவலர் அவதரித்தார். ஒருவர் கிறித்தவ சபையின் ஊழியர். மற்றவர் அச்சபையின் பிரசாரத்தைத் தடுத்துச் சைவத்தை நிலைநாட்ட எழுந்தவர். நோக்கத்தால் எதிரெதிரே நின்ற இவ்விருவரும் கருவியால் ஒன்றுபட்டனர். பள்ளிக்கூடம், அச்சியந்திரம், யாவர்க்கும் விளங்கும் தமிழ் உரைநடை என்னும் மூன்றையுமே இருவரும் நம்பினர். நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், கிறீன் மானிப்பாயிலே தமது வைத்திய வகுப்பைத் தொடங்கியதும் 1848-ஆம் ஆண்டிலேயே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கிறீன் நியூயோர்க்கிலுள்ள வைத்தியக் கல்லூரியிற் பயின்று 1845-ஆம் ஆண்டிலே பட்டம் பெற்றார். பெருநகரத்திலே வைத்தியத் தொழில் நடத்திப் பொருள் ஈட்டுதல் அவர்க்கு அரிதன்று. அவரோ வெளிநாட்டுத் தொண்டினை விரும்பி, அமெரிக்க மிசன் சபையாரால் இலங்கைக்கு அனுப்பப்பெற்று, 1847-ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்திலே 1816-ஆம் ஆண்டு முதற் பணி செய்து வந்தது. 1823-ஆம் ஆண்டிலே தானியேல் பூர் என்பார் தொடக்கிய வட்டுக்கோட்டைச் செமினரி, கணிதம், வானநூல், இயற்கைநூல் ஆகியவற்றை நம்மவர்க்குப் புகட்டிய உயர்கல்விக் கூடமாய் விளங்கியது. வைத்தியத் துறையிலும் கிறீனுக்கு முன்னோர் உளர். ஜோன் ஸ்கடர் என்னும் வைத்தியர் பண்டத்தரிப்பிலிருந்து பல்லாண்டு நோய் தீர்த்தவர். ஆகவே கிறீன் வந்திறங்கிய இடம் பாழ்நிலமன்று, பண்படுத்திய நிலம். ஆயினும் அதில் அவர் விதைத்த வித்து முன்னோர் விதைத்ததினின்றும் வேறானது.

மானிப்பாய் வகுப்பு

மானிப்பாயில் நிலைகொண்ட கிறீன் ஒரு செய்தியை விரைவில் உணர்ந்தார். நாடோறும் வாயிலில் வந்து கூடும் நோயாளரை ஒருவரே பார்த்து முடித்தல் இயலாது. தாம் ஊர் திரும்பினால் அல்லது மாண்டால் அத்தொண்டு அன்றே அற்றுவிடும். எனவே நோய் தீர்ப்பவராக இருத்தல் போதாது. நோய் தீர்ப்போரை ஆக்குபவராதல் வேண்டும். இவ்வெண்ணத்தோடு 1848-இல் ஒரு சில மாணவரைச் சேர்த்து வகுப்பினைத் தொடக்கினார். இந்நாளில் மானிப்பாயில் அவர் ஞாபகார்த்தமாகக் கிறீன் பெயரைத் தாங்கி நிற்கும் வைத்தியசாலை இத்தொடக்கத்தின் வழிவந்ததேயாம்.

வைத்தியக் கல்வி என்றவுடன் மருந்தும் மாத்திரையுமே நம் நினைவுக்கு வருகின்றன. கல்வியின் முதற்படி அதுவன்று. இயல்பாயிருக்கும் உடம்பை அறியாதவன் பழுதுற்ற உடம்பைத் திருத்தவொண்ணாது. என்புகள் உடம்பைத் தாங்குமாறும், தசைகள் சுருங்கி விரிந்து அவற்றை அசைக்குமாறும், உண்ட உணவு இரைப்பையிலும் குடலிலும் மாற்றமுற்று இரத்தத்திற் கலக்குமாறும், இருதயத்தின் வலப்புறத்து இரத்தம் சுவாசப்பைக்குச் சென்று தூய்மையுற்று இடப்புறத்துக்கு மீண்டு உடலெங்கும் பரவுமாறும், மூளையும் நரம்பும் உணர்ச்சியைக் கொண்டு செல்லுமாறும் மாணவர் முதலிற் கற்றல் வேண்டும். இன்று உயிரியலின் தொடக்க வகுப்பிலே மனித உடலைப்பற்றிக் கற்பிக்கப்படுவனவும் பெரும்பாலும் இவையே.

இதற்கெனக் கிறீன் தெரிந்தெடுத்த நூலும் கருதத்தக்கது. கல்வின் கட்டர் என்னும் அமெரிக்க வைத்தியர் தம் நாட்டுக் கல்லூரிகட்கும் பள்ளிகட்கும் குடும்பங்கட்கும் பயன்படுமாறு எழுதிய நூல் அது. ஒவ்வோர் உறுப்பையும் எடுத்து, அதன் அமைப்பு யாது, அதன் தொழில் யாது, அதனை நலமுறக் காத்தல் எவ்வாறு என மூன்று கூறாக விளக்குவது அந்நூலின் முறை. வைத்தியராகும் ஒருவர்க்கு மட்டுமன்றி, வீட்டை ஆளும் தாய்க்கும் பள்ளியிற் பயிலும் சிறுவனுக்கும் உரிய உயிர்நூல் அது. இதனையே கிறீன் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்னும் பெயரால் தமிழாக்கி 1857-ஆம் ஆண்டிலே விளங்கச் செய்தார். அங்காதிபாதம் என்றது உறுப்பமைப்பை. சுகரணம் என்றது உறுப்புக்களின் தொழிலை. உற்பாலனம் என்றது உடலை ஓம்புதலை.

அக்காலத்து அறிவின் எல்லையையும் நாம் மறத்தலாகாது. எல்லா உயிர்களும் கலங்களால் ஆயவை என்னும் கொள்கையை ஜெர்மானிய அறிஞராகிய ஷ்லைடனும் ஷுவானும் 1838, 1839-ஆம் ஆண்டுகளிலேதான் வெளியிட்டிருந்தனர். டார்வினின் பெருநூல் வெளிவந்தது 1859-இல். வாந்திபேதி அசுத்த நீரினாற் பரவுகின்றது என்பதை இலண்டன் நகரிலே ஜோன் ஸ்னோ 1854-இல் எடுத்துக்காட்டியபோதும், பலர் அதனை ஏற்கவில்லை. நோயை விளைக்கும் கிருமி இன்னதென எவரும் தெளியாத அந்நாளிலே, கிணற்றையும் முற்றத்தையும் உடலையும் துப்புரவாக வைத்திருத்தலே மருந்தினும் மேலான காப்பாயிருந்தது. அதனைத் தாய்மொழியிற் சொல்லாவிடின் யார் கேட்பர்? நீரைக் கொதிக்கவைப்பவள் வீட்டிலுள்ள தாய். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. உடல்நூல் தமிழுக்கு வரவேண்டியதன் இன்றியமையாமை இவ்விடத்தே விளங்குகின்றது.

ஆங்கிலமா, தமிழா?

தொடக்கத்திலே கிறீன் தம் மாணவர்க்கு ஆங்கிலத்திலேயே கற்பித்தார். பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. மாணவரும் மிசன் பள்ளிகளில் ஆங்கிலம் பயின்று வந்தவர்கள். அவ்வழி இலகுவானதாயினும், அதன் விளைவைக் கிறீன் ஊன்றிக் கவனித்தார். ஆங்கிலம் கற்ற வைத்தியர் பட்டினத்தையும் அரசாங்க உத்தியோகத்தையும் நாடினர். கிராமங்கள் இருந்தவாறே இருந்தன. கற்றவனின் நடையும் உடையும் மாறி, பெற்றோர்க்கே அவன் அயலானாயினான். கிறீன் விரும்பியது அதுவன்று. தம் சமயத்தைத் தழுவுவோரும் தமிழராகவே வாழ்தல் வேண்டும், வேட்டியும் சால்வையும் அணிந்து, ஊர்மொழி பேசி, ஊரிலேயே தொழில் புரிதல் வேண்டும் என்பது அவர்தம் உள்ளக்கிடக்கை.

அமெரிக்காவுக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கி, மார்கரெட் என்னும் மங்கையை 1862-ஆம் ஆண்டில் மணந்து, அவ்வாண்டிலேயே மீண்டும் இலங்கைக்கு வந்த கிறீன், ஒரு முடிவோடு வந்தார். 1864-ஆம் ஆண்டிலிருந்து வைத்திய வகுப்பைத் தமிழிலேயே நடத்தத் தலைப்பட்டார்.

இம்மாற்றத்தை மாணவர் மகிழ்ந்து வரவேற்றனர் என்று எழுதிவிடின் அஃது உண்மைக்கு மாறாகும். அவர்கள் மனம் வருந்தினர். ஆங்கிலம் இன்றேல் உத்தியோகம் இல்லை, மதிப்பும் இல்லை என்பது அவர்கள் முறைப்பாடு. அம்முறைப்பாட்டிலே நியாயம் இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை கல்வியாற் பிழைப்பைத் தேடுதல் குற்றமாகாது. இன்று நம் கரையோரத்துப் பெற்றோர் தம் மக்களை ஆங்கில மொழிமூல வகுப்பிற் சேர்க்க விழைவதும் அக்காரணத்தாலேயே. அன்றும் இன்றும் வினா ஒன்றே.

கிறீன் தம் கருத்தினின்றும் பிறழவில்லை. ஆயின் அவர் மாணவரை மட்டும் தமிழ் பயிலச் சொல்லித் தாம் ஒதுங்கி நின்றாரல்லர். தாம் முதலில் தமிழைக் கற்றார்; கற்பித்தற்கு வேண்டிய நூல்களைத் தாமே முன்னின்று ஆக்கினார். மொழியின் பெருமையைப் பேசுதல் எளிது. அம்மொழியிலே பாடநூல் இல்லாத குறையை நீக்குதல் அரிது. அவர் அரியதைச் செய்தார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் 62 பேர். அவருள் 33 பேர் தமிழிலேயே கற்றுத் தேறியவர்கள்.

நூல்களும் சொற்களும்

கிறீனின் மேற்பார்வையிலே வெளிவந்த நூல்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களைக் கொண்டவை. மேலே கூறிய கட்டரின் நூலோடு, மோன்செல் என்பாரின் பிரசவ வைத்தியமும் 1857-இல் வெளிவந்தது. துருவிற் என்பாரின் இரண வைத்தியம் 1867-இலும், கிறே என்பாரின் மனுஷ அங்காதிபாதமும் ஹூப்பர் என்பாரின் வைத்தியாகரமும் 1872-இலும் வெளியாயின. வெல்ஸ் என்பாரின் இரசாயன நூல் கெமிஸ்தம் என்னும் பெயரோடு 1875-இல் வந்தது. டால்ரன் என்பாரின் மனுஷ சுகரணம் 1883-இல் வந்தது. இவற்றுள் கிறேயின் நூல் இலண்டனிலே முதன்முதல் வெளிவந்தது 1858-ஆம் ஆண்டில். உலகெங்கும் வைத்திய மாணவர் இன்றும் கையாளும் அப்பெருநூல், பதினான்கு ஆண்டுகளுக்குள் தமிழ் பேசிற்று என்பதை நினைக்க நெஞ்சம் நிமிர்கின்றது.

இப்பணியைக் கிறீன் தனித்து முடித்தாரல்லர். அவரிடம் கற்றுத் தேறிய தமிழ் வைத்தியர்கள் மொழிபெயர்க்க, அவர் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்தினார். மாணவனாயிருந்தவன் நூலாசிரியனாகும் முறை அங்கே நிலவியது. கற்பித்தலின் முடிந்த பயன் அதுவேயன்றோ!

சொல்லாக்கத்திலே அவர் கைக்கொண்ட நெறி மூன்று படிகளையுடையது. முதலில் தமிழிலே வழங்கும் சொல் உண்டோ என்று தேடுதல். இல்லையேல் வடமொழியிலிருந்து ஆக்கிக்கொள்ளுதல். அதுவும் பொருந்தாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இயைய எழுதுதல். கெமிஸ்தம் என்பது மூன்றாம் படியைச் சேர்ந்தது. ஒரே பொருளுக்கு ஒருவர் ஒரு சொல்லும் மற்றவர் வேறு சொல்லும் வழங்கி மாணவரை மயக்காதிருக்கும்பொருட்டு, அருஞ்சொற்களைத் தொகுத்து வைப்பதிலும் அவர் கருத்துச் செலுத்தினார்.

அச்சொற்கள் யாவும் இன்று வழக்கில் உள்ளனவோ எனின், இல்லை. சுகரணம் என்பதை இன்று உடற்றொழிலியல் என்கின்றோம், கெமிஸ்தம் இரசாயனவியலாயிற்று, உற்பாலனம் சுகாதாரத்துக்கு இடம் விட்டது. பின்வந்தோர் இலங்கையிலே வகுத்த உயிரியற் சொற்கள் சில மிக அழகியவை. கூர்ப்பு என்னும் சொல்லை நோக்குக. உள்ளதொன்று மிகுதலைக் குறிக்கத் தொல்காப்பியர் உரியியலில் வைத்த சொல், உயிரினங்கள் காலந்தோறும் மாறிப் பெருகுதலைக் குறிக்க நம் பாடநூலிலே வந்து அமர்ந்தது. தமிழ்நாட்டு மாணவர் அதனைப் பரிணாமம் என்பர். நம் இழையத்தை அவர்கள் திசு என்பர். நம் ஒளித்தொகுப்பை அவர்கள் ஒளிச்சேர்க்கை என்பர். சொல் வேறுபடினும் பொருள் ஒன்றே. கிறீனின் சொற்கள் பல மறைந்தன. தமிழிற் சொல்லலாம் என்று அவர் காட்டிய துணிவு மறையவில்லை.

சமயமும் அறிவும்

கிறித்தவ சமயத்தைப் பரப்புதலே கிறீனை அனுப்பிய சபையின் நோக்கம். அதனை அவர் மறைத்தவரல்லர். வைத்தியத்தையும் அந்நோக்கத்துக்குத் துணையாகவே கருதினார். அவர் சமயக் கொள்கையை ஏற்காத நாம், அவர் தந்த அறிவை ஏற்றல் தகுமோ என ஐயுறுவார்க்கு நாவலர் வாழ்க்கையே விடை தருகின்றது. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்த நாவலர், அங்கே கண்ட அச்சுக்கலையையும் பள்ளி முறையையும் தம் சமயத்துக்கும் தமிழுக்கும் பயன்படுத்திக் கொண்டார்.

நம் முஸ்லிம் சகோதரர்க்கு இவ்வுண்மை இன்னும் நன்கு தெரிந்ததே. ஒன்பதாம் நூற்றாண்டிலே பக்தாத் நகரில் கலீபாக்களின் ஆதரவோடு கிரேக்க வைத்திய நூல்களை அரபு மொழிக்குக் கொணர்ந்தவருள் தலைசிறந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறித்தவர். அம்மொழிபெயர்ப்புக்கள் இட்ட அடிப்படையின்மேலேயே இப்னு சீனா போன்ற பேரறிஞர் எழுந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய இப்னு அந்நபீஸ், இருதயத்திலிருந்து இரத்தம் சுவாசப்பை வழியாகவே மறுபுறத்துக்குச் செல்கின்றது என்பதை எழுதிவைத்தார். இங்கிலாந்திலே ஹார்வி இரத்தச் சுற்றோட்டத்தை நிறுவியது 1628-ஆம் ஆண்டில். அறிவு ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மொழிபெயர்ப்பாளரின் தோளேறியே செல்கின்றது. பக்தாத்திலே ஹுனைன் செய்ததைப் பத்து நூற்றாண்டுகள் கழித்து மானிப்பாயிலே கிறீன் செய்தார்.

இறுதிக்காலம்

ஓய்வின்றி உழைத்த கிறீனின் உடல்நலம் குன்றிற்று. 1873-ஆம் ஆண்டிலே அவர் குடும்பத்தோடு தாயகம் திரும்பினார். வேறொருவராயின் அத்தோடு பணியை முடித்திருப்பர். கிறீனோ வூஸ்ரரிலிருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்தி வந்தார். கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் அவர் இலங்கையை விட்டு நீங்கிய பின்னரே வெளிவந்தவை. பனி பெய்யும் அந்நகரிலே, தமிழ் பேசுவார் எவருமில்லாச் சூழலிலே, கையெழுத்துப்படிகள் கப்பலேறிக் கடல் கடந்து வரவும் மீளவும், ஒருவர் பத்தாண்டுக்கு மேலாகத் தமிழிலே உடல்நூல் திருத்திக்கொண்டிருந்தார் என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1884-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் திகதி அவர் உயிர் நீத்தார். வாந்திபேதிக் கிருமியை ரொபேட் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவிலே ஆராய்ந்து உலகுக்கு உறுதிப்படுத்தியதும் அவ்வாண்டிலேயே. தம் கல்லறையிலே வேறு புகழ்மொழி எதனையும் அவர் விரும்பவில்லை. தமிழரிடையே வைத்திய ஊழியம் செய்தவர் என்னும் பொருள்பட எழுதினாற் போதும் என்றே விரும்பினார். அவ்வாறே பொறிக்கப்பட்டது. அமெரிக்க நாட்டுக் கல்லறைக் கல்லொன்றிலே தமிழர் பெயர் இவ்வாறு இடம் பெற்றது.

காரைதீவுச் செல்வர் கொண்ட தொடர்ச்சி

கிறீன் சென்றபின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. கொழும்பிலே 1870-ஆம் ஆண்டில் அரசாங்க வைத்தியப் பள்ளி ஆங்கிலத்திலே தொடங்கியிருந்தது. உத்தியோகமும் மதிப்பும் அவ்வழியே சென்றன. ஆயினும் விட்ட இழையை எடுத்தவர் ஒருவர் மானிப்பாய் வழியாகவே வந்தார். அவர் நம் கரையோரத்தவர் என்பது நமக்குப் பெருமை.

1892-ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்து, கல்முனையிற் பயின்று, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்ற மயில்வாகனனார், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக வீற்றிருந்தவர். பின்னர்த் துறவு பூண்டு விபுலாநந்த அடிகளாகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். யாழ்நூல் தந்த முனிவர் என்றே அவரைப் பெரிதும் போற்றுகின்றோம். அவர் விஞ்ஞான ஆசிரியர் என்பதை மறந்துவிடுகின்றோம். சென்னையிலே 1936-ஆம் ஆண்டு கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அடிகளே தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாக 1938-இல் வெளிவந்த கலைச்சொற் றொகுதி, தாவரநூல், விலங்குநூல், உடல்நூல் உள்ளிட்ட பல துறைகட்கும் சொற்களை வகுத்துத் தந்தது. சுதந்திரத்துக்குப் பின் இலங்கையிலே தாய்மொழிவழி விஞ்ஞானக் கல்வி பரவியபோது, அரசகரும மொழித் திணைக்களத்தார் சொற்றொகுதிகளையும் பாடநூல்களையும் வெளியிட்டனர். நம் மாணவர் கையிலுள்ள உயிரியற் புத்தகத்தின் பின்னணியில் இத்தனை பேருழைப்பும் உளது.

நாம் செய்யற்பாலது

கிறீனின் வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றே. ஒரு மொழியில் விஞ்ஞானம் வாழ்வது அம்மொழியின் பழம்பெருமையாலன்று. தலைமுறைதோறும் எவரேனும் அமர்ந்து செய்யும் உழைப்பினாலேயே. கிறேயின் ஆங்கில நூல் நாற்பதுக்கு மேற்பட்ட பதிப்புக்களைக் கண்டு, ஒவ்வொரு பதிப்பிலும் புத்தறிவைச் சேர்த்துக்கொண்டு இன்றும் இளமையோடு வாழ்கின்றது. 1872-இல் அதனோடு தோளொட்டி நின்ற தமிழ் நூலோ, புதுக்குவாரின்றி நூலகப் பொருளாயிற்று. மொழி பின்தங்கவில்லை, புதுக்கும் கைகள் ஓய்ந்தன.

நம் பிள்ளைகள் உயர்தர வகுப்பு வரையில் உயிரியலைத் தமிழிற் கற்று, வைத்தியபீடத்துக்கோ சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பிரயோக விஞ்ஞானபீடத்துக்கோ செல்லும்போது, தொடக்கப் பாடத்தையே ஆங்கிலத்தில் மீண்டும் கேட்கின்றனர். கலம் என்பதும் இழையம் என்பதும் நன்கு விளங்கிய மாணவன், பெயர் மாறினும் பொருளை அறிந்துகொள்வான். சில திங்களிலே அவன் தடை நீங்கும். பொருள் விளங்காது சொல்லை மட்டும் மனனஞ் செய்தவனுக்கு எம்மொழியும் தடையே. ஆங்கிலம் வேண்டாம் என்பது எம் கருத்தன்று. கிறீனின் தமிழ் நூல்களும் ஆங்கில மூலங்களிலிருந்தே பிறந்தன. இரு மொழியும் அறிந்தவரே மொழிபெயர்ப்பாளராதல் கூடும். ஆயின் உடம்பைப் பற்றிய முதற் பாடம், மாணவன் தன் உடம்புக்கு எந்த மொழியிற் பெயரிட்டு வளர்ந்தானோ அந்த மொழியிலேயே அமைதல் வேண்டும். ஆங்கிலம் அதன்மேற் கட்டப்படுதல் வேண்டும்.

ஆதலின் இவ்விழா ஆண்டிலே பழைய மாணவராகிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம்மிற் பலர் வைத்தியராகவும், விஞ்ஞான ஆசிரியராகவும், விவசாய, மீன்பிடித்துறை உத்தியோகத்தராகவும் விளங்குகின்றீர்கள். கட்டடத்துக்கும் விளையாட்டுத்திடலுக்கும் வழங்கும் கையால் ஒரு நூலுக்கும் உதவுங்கள். பாடநூலிற் காணும் உயிர்கள் பலவும் வேற்றிடத்தன. நம் களப்பின் மீனும் இறாலும், கண்டற் செடியும், கரைவலையில் வந்து விழும் உயிர்களும், வயலின் நெல்லும் அதனைத் தாக்கும் பூச்சியும், நம் ஊர்களிலே பெருகிவரும் நீரிழிவும் டெங்கும் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, புதிய அறிவோடு, ஆங்கிலப் பெயர்களையும் தமிழெழுத்தில் உடன்வைத்து, உயிரியலுக்கு ஒரு முதனூலைத் தமிழிலே ஆக்குவோம். வைத்தியர் ஒருவர் ஓர் அதிகாரம் எழுதுக. ஆசிரியர் ஒருவர் அதனை மாணவர்க்குக் காட்டி விளங்காத இடத்தைக் குறிக்குக. தமிழாசிரியராகிய யாம் மொழியைத் திருத்தித் தருவோம். ஐந்தாண்டுக்கொரு முறை அதனைப் புதுக்குவதற்கும் இப்பொழுதே ஒழுங்கு செய்வோம். தமிழராகப் பிறவாத ஒருவர் நோயுற்ற உடலோடு தொலைநாட்டிலிருந்து செய்த பணியை, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாம், இந்துவாயினும் முஸ்லிமாயினும் கிறித்தவராயினும், ஒன்று கூடிச் செய்தல் அரிதாகுமோ?

வாழ்க கிறீன் பெரியாரின் நினைவு! வளர்க தமிழில் உயிர்நூல்!